வற்றும் நீரும் நெளியும் உடலும்

கடல் பின்வாங்கும்போது கரைப்பாறைகளின் குழிவுகளில் தங்கிவிடும் சிறு நீர்நிலைகளில் வாழ்கின்ற, விலாங்கைப் போல நீண்டு நெளியும் உடல்கொண்ட மீன்களைப் பற்றியது இவ்வுரை. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே அமைந்த திருவண்ணாமலையில், அதிலும் ரமணாசிரமத்தை ஒட்டிய இப்பகுதியில், கடலோரப் பாறைமீன் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு என்ன தேவை என்ற வினா அவையோரிடம் எழுவது இயல்பே. ஆசிரமத்துக்குத் தெற்கே கிடக்கும் சமுத்திரம் ஏரியிலும், மாவட்டத்தின் பிற ஏரிகளிலும் வாழ்கின்ற ஆரல் மீனைப் பார்த்தவர்கள், கடலோரப் பாறைக்குட்டையின் மீனைப் பாதியளவு பார்த்தவர்களே ஆவர். இவ்விரு மீன்களும் உறவால் நெருங்கியவை அல்ல. ஆயினும் நீர் தம்மை விட்டு விலகிச் செல்லும் ஓரிடத்தில் வாழவேண்டிய ஒரே கட்டாயம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வடிவத்தை வழங்கியிருக்கிறது என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

முதலில் அந்நீர்நிலைகள் உருவாகும் முறையைக் காணவேண்டும். நிலவும் ஞாயிறும் கடல்நீரை ஈர்ப்பதால் தமிழகக் கரையில் ஒரு நாளில் இருமுறை கடல்மட்டம் உயர்ந்து இருமுறை தாழ்கிறது. ஓர் உயர்வுக்கும் அடுத்த உயர்வுக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் கழிகின்றன. உயர்வதை ஏற்றம் என்றும் தாழ்வதை வற்றம் என்றும், இரண்டையும் சேர்த்து ஓதம் என்றும் வழங்குவர். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் நிலவும் ஞாயிறும் புவியுடன் ஒரே கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஏற்றமும் வற்றமும் மிகுகின்றன. ஆகவே பௌர்ணமியை ஒட்டி இம்மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் கிரிவலம் வரும் நாள்களே, மாமல்லபுரத்திலும் கன்னியாகுமரியிலும் பாறைகளின் கீழ்ப்பகுதி மற்ற நாள்களைவிட மிகுதியாக வெளித்தெரியும் நாள்களுமாகும்.

இங்கு அளவு பற்றிய ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. குசராத்தின் காம்பத் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு பத்து மீட்டரை எட்டுகிறது. தமிழகக் கரையிலோ அது பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. மேலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இக்கரையின் பெரும்பகுதி மணற்பரப்பாகும். ஆகவே பாறைக்குட்டைகள் மாமல்லபுரம், முட்டம், கன்னியாகுமரி போன்ற சில இடங்களிலும், மன்னார் வளைகுடாவின் பவளத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற பாறைத்தளங்களிலுமே சிறப்பாக அமைந்துள்ளன. இந்தத் தீவுக்கரை உயிர்களைப் பற்றிய ஆய்வு தமிழகத்துக்குப் புதியதன்று. இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி எப்.எச்.கிரேவ்லியும் பிறரும் எழுதிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இலேயே வெளியிட்டது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், 1971-இல் கொச்சிக்கு இடம்பெயரும் வரை, மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

வற்றத்தின்போது குட்டையில் அகப்பட்ட மீன் எதிர்கொள்ளும் இடர்கள் பல. வெயிலில் குட்டைநீர் விரைவில் சூடேறுகிறது. ஆவியாவதால் உப்பு மிகுகிறது. மழை பெய்தாலோ மேற்பரப்பில் நன்னீர் பரவி உப்பு திடீரெனக் குறைகிறது. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து நீரில் ஆக்சிசனை நிரப்புகின்றன. இரவிலோ அதே பாசிகள் சுவாசிப்பதால், குட்டையிலிருக்கும் நண்டு, இறால், மீன் ஆகியவற்றோடு போட்டியிட்டு அந்த ஆக்சிசனைத் தாமும் செலவழித்துவிடுகின்றன. இவற்றோடு, மேலிருந்து கொத்தவரும் கொக்கும் நாரையும் உண்டு. மீண்டும் ஏற்றம் வரும்போது பாறைமேல் மோதும் அலையும் உண்டு. திறந்த நீரில் விரைந்து நீந்தி இடர் தவிர்க்கும் மீனுக்கு இங்கு ஓட இடமில்லை. ஒளிவதற்கு மட்டுமே இடம் இருக்கிறது. அவ்விடமும் கல்லுக்கடியில், வெடிப்புக்குள், பாசிக்கொத்தின் வேர்ப்பகுதியில் என, அகலத்தில் குறுகியதாகவும் ஆழத்தில் நீண்டதாகவுமே அமைகிறது.

இத்தகைய இடுக்குக்குள் நுழையும் உடல் குறுக்களவில் சிறுத்திருக்க வேண்டும். தசையையும் குடலையும் முட்டைகளையும் குறைக்க முடியாத நிலையில் அவை நீளவாக்கில் அடுக்கப்பட வேண்டும். அவ்வாறு நீண்ட உடல் விறைப்பாக இருந்தால் வளைந்த வெடிப்புக்குள் திரும்பமுடியாது என்பதால் முதுகெலும்பு பல சிறு கணுக்களாகப் பிரிந்திருப்பது பயன்தருகிறது. தமிழக மீன்சந்தைகளில் விற்கப்படும் சங்கரா மீனின் முதுகெலும்பில் 24 கணுக்களே உள்ளன. கடல் விலாங்குகளிலோ அவை நூறைத் தாண்டுகின்றன. உடலின் ஒரு பக்கத்துத் தசை சுருங்க மறுபக்கத்துத் தசை தளர, அந்த வளைவு தலையிலிருந்து வால்நோக்கி அலையாகப் பரவி மீனை முன்னே தள்ளுகிறது. அதே அலையை வாலிலிருந்து தலைநோக்கி ஓடச்செய்தால் மீன் பின்னோக்கியும் நகர்கிறது. முட்டுச்சந்தாக முடியும் வெடிப்புக்குள் நுழைந்த மீனுக்கு இப்பின்னோக்கிய நகர்வு உயிர்காக்கும் ஆற்றலாகும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள் இடுக்கில் சிக்கும் என்பதால், இம்மீன்கள் பலவற்றில் வயிற்றுத் துடுப்புகள் மறைந்துள்ளன. சிலவற்றில் மார்புத் துடுப்புகளும் இல்லை.

குளிர்ந்த வட அட்லாண்டிக் கரைகளில் இவ்வாழ்வுக்குச் சிறந்த சான்றாக விளங்குவது பாறைக் கன்னெல் எனப்படும் சிறுமீன். 1758-இல் லின்னேயசு அறிவியல் உலகுக்கு விவரித்த இம்மீன் 25 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. பட்டைபோலத் தட்டையான அதன் உடலின் மேல்விளிம்பு முழுவதும் முதுகுத்துடுப்பு ஓடுகிறது. அத்துடுப்பின் அடியில் வெண்வளையமிட்ட கரும்புள்ளிகள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. செதில்கள் மிகச்சிறியனவாய்த் தோலுக்குள் புதைந்திருக்க, மேலே தடித்த வழுவழுப்புப் படலம் பரவியிருப்பதால் கையில் பிடித்தால் நழுவிவிடுகிறது. வற்றத்தில் நீர் முழுவதும் வடிந்த பின்னும், கல்லடியின் ஈரத்தில் காற்றைச் சுவாசித்தபடி அடுத்த ஏற்றம்வரை அது காத்திருக்க வல்லது. குளிர்காலத்தில் முட்டைகளை உருண்டையாகத் திரட்டி, பெற்றோரில் ஒன்று தன் உடலை அவ்வுருண்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டு காவல் காக்கிறது. இடுக்குக்கு ஏற்றதாய் அமைந்த நீளம் இங்கே முட்டைகளுக்கு வேலியாகவும் பயன்படுகிறது.

நீருக்கு வெளியே சுவாசித்தல் எவ்வாறு இயலும் என்பது விளக்கப்பட வேண்டியது. செவுள் என்பது நீரிலுள்ள ஆக்சிசனைக் குருதியில் சேர்க்கும் மென்மையான இழைகளின் தொகுதி. நீரில் விரிந்து நிற்கும் அவ்விழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலான மீன்கள் கரையில் மூச்சடைத்து இறக்கின்றன. இடுக்குமீன்களிலோ செவுளோடு தோலும் ஓரளவு அவ்வேலையைச் செய்கிறது. தடித்த செதில் இல்லாத ஈரத்தோலின் வழியாக ஆக்சிசன் நேரே குருதியை அடைகிறது; நீண்டு மெலிந்த உடலுக்கு, அதே எடையுள்ள பருத்த உடலைவிடத் தோலின் பரப்பு மிகுதி என்பதால், வடிவமே சுவாசத்துக்கும் உதவுகிறது. ஆனால் தோல் உலர்ந்தால் இவ்வழி மூடிவிடும். வழுவழுப்புப் படலத்தின் முதன்மையான பயன்களுள் ஒன்று அந்த ஈரத்தைக் காத்தலாகும். கல்லடி நிழலின் பயனும் அதுவே.

கன்னெல் வாழும் குளிர்நீர் தமிழகக் கரையில் இல்லை. இங்குப் பாறைக்குட்டைகளில் அதே இடத்தை நிரப்புவன இருவகையின. ஒருவகை, பிளெனி என உலகெங்கும் அழைக்கப்படும் செதிலற்ற சிறுமீன்கள். இவற்றுள் சில ஈரப்பாறைமேல் வாலைச் சுண்டித் தாவி ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. மற்றொருவகை அஞ்சாலை எனப்படும் கடல் விலாங்குகள். உலகில் ஏறத்தாழ 200 இனங்களாக விரியும் இக்குடும்பத்தில் மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் செதிலும் அறவே இல்லை. செவுள்வாய் ஒரு சிறு துளையாகக் குறுகியிருக்கிறது. பவளப்பாறைப் பகுதியில் மீனவர்கள் அஞ்சும் கடியுடைய பெரிய இனங்கள் இக்குடும்பத்தில் உண்டு என்றாலும், பாறைக்குட்டைக்கு உரியவை சிறிய இனங்களே. எக்கிட்னா நெபுலோசா என்னும் இனம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. வெண்மையான உடலில் மஞ்சள் மையம் கொண்ட கரும்படர்புள்ளிகள் இருவரிசையாக அமைந்த இம்மீன், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை வெப்பக்கடல்களின் ஆழமற்ற பாறைத்தளங்களில் வாழ்கிறது. அதன் பற்கள் கூர்மையற்று, நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்ப மழுங்கியிருக்கின்றன.

அஞ்சாலையின் வாயமைப்பு இவ்வுரையின் கருத்துக்கு நேரடியாகத் துணைசெய்வது. பெரும்பாலான மீன்கள் வாயறையைத் திடீரென விரித்து, உள்ளே பாயும் நீரோடு இரையை உறிஞ்சுகின்றன. தலையை விரிக்க இடமில்லாத வெடிப்புக்குள் இம்முறை பயன்படாது. இரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அஞ்சாலையின் தொண்டைக்குள் பற்களோடு கூடிய இரண்டாவது தாடைத்தொகுதி இருப்பதும், முதல் தாடை இரையைக் கவ்வியவுடன் அது முன்னோக்கிப் பாய்ந்து வந்து இரையைப் பற்றி உணவுக்குழாய்க்குள் இழுத்துச் செல்வதும் காட்டப்பட்டன. தொண்டைத்தாடை மற்ற மீன்கள் பலவற்றிலும் உண்டு. ஆனால் வாயறை வரை முன்வந்து இரையை இழுக்கும் தொண்டைத்தாடை அதுவரை எந்த மீனிலும் அறியப்படவில்லை. நீரை உறிஞ்சவேண்டிய தேவை நீங்கியதால் மற்றொரு விளைவும் ஏற்பட்டது: மேத்தாவின் ஆய்வுக்குழு 2021-இல் வெளியிட்ட சோதனைகளில், எக்கிட்னா நெபுலோசா நீருக்கு வெளியே வந்து கவ்விய இரையை, மீண்டும் நீருக்குத் திரும்பாமலே விழுங்கவும் வல்லது என்பது தெரியவந்தது. குறுகிய இடத்துக்காக அமைந்த கருவி, நீரற்ற இடத்திலும் இரைதேடும் உரிமையை அம்மீனுக்கு வழங்கியிருக்கிறது.

இனி உறவுமுறை பற்றிய வினாவுக்கு வரலாம். கன்னெல், பிளெனி, அஞ்சாலை, ஆரல் ஆகியவை உருவத்தில் ஒத்திருப்பதால் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று கொள்ளலாமா? குலத்தை உறுதிசெய்யும் சான்றுகளுள் ஒன்று இளம்பருவம். அஞ்சாலையும் ஆற்று விலாங்கும் முட்டையிலிருந்து வெளிவந்த பின், ஒளி ஊடுருவும் இலைவடிவக் குஞ்சுகளாகத் திறந்த கடலில் நெடுங்காலம் மிதந்து திரிகின்றன. பெற்றோரைச் சற்றும் ஒத்திராத அக்குஞ்சுகள் ஒருகாலத்தில் தனிமீனினமாகக் கருதப்பட்டு, லெப்டோசெபாலசு என்று பெயரும் பெற்றிருந்தன. இத்தாலிய விலங்கியலாளர் கிராசியும் அவர் துணைவர் கலான்ருச்சியோவும் அது விலாங்காக உருமாறுவதைக் கண்டு, 1896-இல் உலகுக்கு அறிவித்தனர். கன்னெலுக்கும் ஆரலுக்கும் அத்தகைய இலைவடிவப் பருவம் கிடையாது. எலும்பமைப்பும் மரபணுச் சான்றும் சேர்ந்து காட்டுவது யாதெனில், ஆரல் உறவால் விராலுக்கு நெருங்கியது. சங்கராவுக்கும் கன்னெலுக்கும் அது ஒருவகையில் தாயாதி. அஞ்சாலைக்கோ மிகத்தொலைவில் நிற்பது. தொடர்பற்ற குலங்கள் ஒரே வகைச் சூழலின் தேர்வுக்கு ஆட்பட்டு ஒத்த வடிவத்தை அடைவதை உயிரியலார் குவிபரிணாமம் என்பர். மீன்களுக்குள்ளேயே விலாங்கு வடிவம் தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. கேரளத்தின் செம்பாறை நிலத்துக் கிணறுகளில், நிலத்தடி நீரின் இண்டுகளிலிருந்து அரிதாக வெளிப்படும் கண்ணற்ற சேற்றுவிலாங்குகளும் அவ்வடிவமே கொண்டவை. அவை ஆரலின் வரிசையைச் சேர்ந்தவை.

ஆரலின் வாழ்விடம் இந்த அவைக்கு அறிமுகமானது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, பாசனத்துக்குத் திறந்துவிடப்பட்டும் வெயிலில் ஆவியாகியும் சித்திரை வைகாசியில் சேறாகச் சுருங்குகிறது. பாறைக்குட்டையை அரைநாளில் விட்டுச்செல்லும் நீர், ஏரியை அரையாண்டில் விட்டுச்செல்கிறது. வேறுபாடு காலத்தின் அளவிலேயே உள்ளது. சுருங்கும் நீர் சூடேறுவதும், ஆக்சிசன் குன்றுவதும், கொக்குகள் கூடுவதும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆரல் நீண்டு நெளியும் உடலோடும், வயிற்றுத் துடுப்பு இல்லாமலும், புதைந்த சிறுசெதில்களோடும், சேற்றைத் துழாவும் நீள்மூக்கோடும் அமைந்திருக்கிறது. முதுகுத்துடுப்பின் முன்பகுதி தனித்தனி முள்களாகப் பிரிந்திருப்பது அதன் சிறப்படையாளம். பகலில் சேற்றுக்குள்ளோ கல்லடியிலோ புதைந்து, இரவில் புழுவையும் சிறு பூச்சிகளையும் தேடி அது வெளிவருகிறது. ஏரி வற்றும் நாள்களில் ஊத்தாவும் வலையும் கொண்டு மீன்பிடிப்போர், மற்ற மீன்கள் அகப்பட்டு முடிந்த பிறகும் சேற்றைக் கையால் அளைந்து ஆரலைத் தேடுவதும், பிடித்த மீனைச் சாம்பலிட்டுத் தேய்த்து வழுவழுப்பைப் போக்குவதும், இங்கு விளக்கப்பட்ட தகவமைப்புகளை நடைமுறையில் அறிந்து செய்யும் செயல்களே. சென்னை மாகாணத்தில் படைமருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிசு டே, 1875 முதல் 1878 வரை பகுதிபகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் இக்குடும்பத்து மீன்களை விவரித்துள்ளார்.

கடலையும் இவ்வுள்நாட்டையும் வேறொரு மீனும் இணைத்தது. ஆற்று விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறுகுஞ்சாக ஆற்றுமுகத்தில் நுழைந்து, நன்னீரில் பல ஆண்டு வளர்ந்து, முட்டையிடுவதற்காக மீண்டும் கடலுக்குத் திரும்புவது. இம்மாவட்டத்தின் வழியாகப் பாய்ந்து கடலூருக்கருகில் கடலில் கலக்கும் தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் சாத்தனூர் அணை எழுந்தது. பாசனத்துக்கு அவ்வணை செய்த நன்மை பெரிது. எனினும் அணைச்சுவர் என்பது, கல்லிடுக்கு எதுவாயினும் ஊர்ந்து ஏறும் விலாங்குக்குஞ்சுக்கும் பெருந்தடையாகும் என்பது உலகின் பல ஆறுகளில் கண்டறியப்பட்ட உண்மை.

இதுவரை கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய முடிவொன்று பெறப்படுகிறது. நீர் விலகும் இடத்தில் வாழும் மீனுக்கு நீரின் அளவைப் போலவே, நீர் விலகிய பின் ஒதுங்குவதற்குரிய இடுக்கும் வாழ்வின் அடிப்படையாகும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கற்கள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன; அலையைத் தடுத்துநின்ற பவளம் நீங்கியதால் கரையரிப்பு மிகுந்து, 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், 2001-இல் பாறைப்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும் எஞ்சிய இடுக்குகளுக்கும் அரணாயின. அங்கே கடல்நீர் ஒருதுளியும் குறையவில்லை. குறைந்தது இடுக்குகள் நிறைந்த கல்தளமே. மறுபுறம், கரையரிப்பைத் தடுக்கத் தமிழகக் கரையெங்கும் கொட்டப்பட்ட தூண்டில் வளைவுக் கற்கள், மணற்கரைகளில் முன்பு இல்லாத இடுக்குகளை உண்டாக்கி, நண்டுக்கும் பாறைமீன்களுக்கும் புதிய இடமளிக்கின்றன. ஆயினும் அவை அடுத்த கரையின் மணலைக் குறைத்துப் பெறப்படும் இடம் என்பதால், அவற்றைப் பவளத்தளத்துக்கு ஈடாகக் கொள்ள இயலாது.

ஏரிகளுக்கும் இம்முடிவு பொருந்துகிறது. தூர்வாருதல் இன்றியமையாதது, கொள்ளளவு குறைந்த ஏரியால் உழவருக்கும் மீனுக்கும் பயனில்லை. ஆனால் இயந்திரத்தைக் கொண்டு ஏரியின் அடித்தளம் முழுவதையும் ஒரே மட்டமாக வழித்தெடுத்து, கரையின் உட்புறத்தைச் சிமென்டுப் பூச்சால் மூடிவிடும்போது, கோடையில் ஆரல் ஒதுங்கும் சேற்றுப்படுகையும் கல்லிடுக்கும் ஒருங்கே அழிகின்றன. அடுத்த மழையில் ஏரி நிரம்பினாலும் அந்நீரில் குடியேற மீன் எஞ்சியிருப்பதில்லை. ஏரியின் ஆழமான மூலையில் சேற்றோடு கூடிய மடு ஒன்றை வாராமல் விட்டுவைப்பதும், உட்கரையில் சிமென்டுக்கு மாறாக இடைவெளி விட்டு அடுக்கிய கற்களைப் பயன்படுத்துவதும், கிரிவலப்பாதையின் குளங்களைச் சீரமைக்கும்போது பழைய கல்லடுக்குகளின் சந்துகளை முழுவதும் பூசி அடைக்காமல் விடுவதும் பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். நீர்நிலையின் நலத்தை நிரம்பிய நாளின் நீர்மட்டத்தைக் கொண்டு அளப்பதே இதுவரை வழக்கமாக இருந்துவருகிறது. வற்றிய நாளில் அங்கு எத்தனை உயிர்கள் ஒதுங்க இடம் எஞ்சியிருக்கிறது என்பதையும் அவ்வளவையில் சேர்த்தால்தான், திருவண்ணாமலையின் ஏரிக்கும் மன்னார் வளைகுடாவின் பாறைக்குட்டைக்கும் பொதுவான இயற்கை நியதி ஒன்று நீர்நிலைப் பராமரிப்பில் உரிய இடத்தைப் பெறும்.